அம்மாவையும் மேடைக்குக் கூப்பிடுங்கள்

வடக்குக் குப்பங்கள் – 9

புதுச்சேரியிலிருந்து காலாப்பட்டு பஸ்ஸில் ஏறினால், முத்தியால்பேட்டை தாண்டியதும் கோட்டக்குப்பம். அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடும். முதலியார்சாவடிகள், பொம்மையார்பாளையம் என்று விழுப்புரம் மாவட்டத்துக் கரையோரமாகவே போய், பிள்ளைச்சாவடிப் பக்கம் மறுபடி புதுச்சேரிக்குள் நுழைய வேண்டும். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே நம் ஊர் இப்படித் துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது.

மீனவக் குப்பங்களில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இந்த எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. அதனால் 2025 மே மாதம் ஒரே சொந்தத்துக்குள் இரண்டு ரிசல்ட் நாள் வந்தது. தமிழ்நாட்டுப் பக்கம் மே 8. நம் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிய பிறகு முதல் பிளஸ் டூ ரிசல்ட் மே 13. அத்தை மகன் பாஸ் என்று சாக்லெட் தின்றுவிட்டு, தன் ரிசல்ட்டுக்கு இன்னும் ஐந்து நாள் வயிற்றைப் பிசைந்துகொண்டு காத்திருந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். பாடத்திட்டம் பாதியில் மாறி, புதுப் புத்தகம், புதுக் கேள்வித்தாள் என்று தடுமாறிய பிள்ளைகள் அவர்கள். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் அதைத் தாண்டி வந்ததை நான் பெரிய சாதனையாகவே மதிக்கிறேன்.

ரிசல்ட் வரும் மே மாதம் குப்பத்தில் எப்படிப்பட்ட மாதம் என்பதையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். ரிசல்ட் அன்றைக்கு அப்பா வீட்டில்தான் இருப்பார், வலை பொத்திக்கொண்டு. பிள்ளை பாஸ் என்றதும் தூக்கிக் கொஞ்ச ஆள் இருக்கிறது, கையில் காசு இல்லை. அந்த இரண்டு மாதமும் பல வீடுகளில் அடுப்பெரிவது அம்மாவின் கூடையால். கேரளத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் மீனை விடியற்காலையில் வாங்கி, பெரிய மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்றுவிட்டு வருகிறார்கள்.

உயர்படிப்புச் சேர்க்கைக்கான சென்டாக் வேலை தொடங்குவதும் இந்தச் சமயத்தில்தான். குடியிருப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று தாலுக்கா ஆபீசுக்கு நடை. பிள்ளைக்குப் படிவம் நிரப்பத் தெரியும், வரிசையில் நிற்பது பெற்றவர்கள். 1985இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம் காலாப்பட்டில் இருக்கிறது. சட்டக் கல்லூரியும் அங்கேயே. முன்பு பொறியியல் கல்லூரியாக இருந்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பிள்ளைச்சாவடியில். சுற்றுச்சுவருக்கு வெளியே வலை காய்கிறது. உள்ளே போக, இந்தக் காகிதங்களைச் சேர்க்கும் அலைச்சலைத் தாண்ட வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2023இல் வந்த 10 சதவீத உள் ஒதுக்கீடு நல்ல வழி திறந்திருக்கிறது. அந்த வழியில் பிள்ளை நடக்க, இன்னொருவர் வேலையை விட்டு அலைந்தாக வேண்டும்.

பிள்ளையின் படிப்புக்காகப் பெற்றவர்கள் சுமப்பதைப் பார்க்கும்போது வட ஒண்டாரியோவை நினைத்துக்கொள்கிறேன். கனடாவின் அந்தப் பகுதியில் ஆண்டு முழுதும் போய்வரச் சாலை இல்லாத பூர்வகுடி ஊர்கள் பல. உயர்நிலைப் பள்ளிக்குப் பிள்ளைகள் விமானமேறி தண்டர் பே நகரத்துக்குப் போய், யார் வீட்டிலோ தங்கிப் படிக்கிறார்கள். அப்படிப் போனவர்களில் ஏழு பேர் 2000க்கும் 2011க்கும் இடையில் இறந்தார்கள். அதை விசாரித்த ஜூரி 2016இல் 145 பரிந்துரைகள் தந்தது. அவ்வளவு தெரிந்தும் பதினான்கு வயதுப் பிள்ளையை அனுப்பிவைக்கும் தாய்க்கு, அந்தப் பிள்ளை வாங்கும் பட்டத்தில் பாதி சொந்தம் இல்லையா? நம் அம்மாக்கள் அத்தனை தூரம் அனுப்பவில்லை. ஆனால் தான் ஒருநாளும் நுழையாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்பும் பயம் இவர்களுக்கும் உண்டு.

நான் படித்த பள்ளியில் பாராட்டு விழாவன்று முதல் மூன்று இடத்துக்கு மாலை போட்டார்கள். என் அப்பா கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். முன்னேற்ற அட்டையில் வருஷம் தவறாமல் கைநாட்டு வைத்தவர். உள்ளே வாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அது இன்றுவரை உறுத்துகிறது. முதல் மூன்று பேருக்கு பேனர் வைக்கட்டும். நாற்பது மார்க்கில் பாஸான பிள்ளைக்கும் கைதட்டுங்கள். பெற்றவர்களைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்து, பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒரு சால்வைச் செலவுதான்.

அந்த 2025 மே மாதம் பெரிய மார்க்கெட்டில் ஒரு அக்கா, நான் கேட்காமலே இரண்டு சங்கரா அதிகமாகப் போட்டார்.

“பொண்ணு பாஸ் ஆயிடுச்சு தம்பி.”

“மார்க் எவ்ளோக்கா?”

“அதெல்லாம் அது சொல்லும். பாஸ்.”

பள்ளியில் விழா ஏதும் வைத்தால் போவீர்களா என்று கேட்டேன். கத்தியைத் தொட்டித் தண்ணீரில் அலசிக்கொண்டே சொன்னார்:

“கூப்ட்டா, குளிச்சிட்டு நல்ல புடவையா கட்டிக்கினு வருவேன். கூப்புடணும்ல?”