அத்தா விடுப்பில் வருகிறார்: வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியவை



காத்திவாக்கம், எண்ணூர், எர்ணாவூர் பக்கம் வெல்டிங், ஃபிட்டிங், ஓட்டுநர் வேலை பழகிய நம் சகோதரர்கள் பலர் சவூதி, குவைத், துபாய் என்று போயிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறையோ, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ ஊர் வருகிறார்கள். வருகிறார் என்றதும் வீட்டில் பேச்செல்லாம் பெட்டியைப் பற்றித்தான். விடுப்பு எத்தனை நாள், குறித்த நாளில் திரும்பாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயமாக இருக்கிறது. எங்களிடம் உதவி கேட்டு வரும் குடும்பங்கள் சிலவற்றின் சிரமம் இந்த இடத்தில்தான் தொடங்கியிருக்கிறது. அதனால் இதை எழுதுகிறோம்.

முன்பு நம் பெரியவர்கள் சிங்கப்பூர், பினாங்கிலிருந்து கப்பலில்தான் வந்தார்கள். ரஜூலா ஓடியது, அதன்பின் எம்.வி. சிதம்பரம். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்தும் முடிந்தது. பயணத்துக்கே பல நாள் ஆனதால், வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கிப் போனார்கள். இப்போது துபாயிலிருந்து நான்கு மணி நேரம். மீனம்பாக்கத்தில் இறங்கி மெட்ரோவில் உட்கார்ந்தால், 2021 முதல் அதே ரயில் விம்கோ நகர் வரை வந்துவிடுகிறது. அங்கிருந்து காத்திவாக்கம் எவ்வளவு தூரம்? தூரம் குறைந்துவிட்டது, தங்கும் நாளும் குறைந்துவிட்டது.

சவூதி தொழிலாளர் சட்டப்படி ஆண்டுக்கு 21 நாள் ஊதியத்துடன் விடுப்பு. ஒரே முதலாளியிடம் ஐந்து ஆண்டு முடித்தவருக்கு 30 நாள். அமீரகத்தில் ஓராண்டு முடித்தவருக்கு 30 நாள். விடுப்புக்கு வரும் விமானச் சீட்டை யார் வாங்குவது என்பது பெரும்பாலும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பெருநாளுக்கும், வளைகுடாவில் பள்ளிகள் மூடும் கோடைக்கும் சீட்டு விலை ஏறிவிடும். “பெருநாளுக்கு ஏன் வரவில்லை?” என்று கேட்கும் வீட்டார் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சவூதியில் வேலை செய்பவர், ஊர் வந்து திரும்ப ‘எக்ஸிட் ரீ-என்ட்ரி’ விசா எடுத்துத்தான் கிளம்ப வேண்டும். 2021 மார்ச் முதல் கம்பெனித் தொழிலாளர்கள் இதற்குத் தாங்களே விண்ணப்பிக்கலாம். ஆனால் வீட்டு ஓட்டுநர், வீட்டுப் பணியாளர், ஆடு மேய்ப்பவர், தோட்டக்காரர் இந்தச் சலுகையில் சேரவில்லை. அவர்களுக்குக் கஃபீல் மனது வைக்க வேண்டும். ஊரில் மவ்த்து ஆனால்கூட அவர்களால் உடனே கிளம்பிவர முடியாமல் போவது இதனால்தான். கல்நெஞ்சம் என்று யாரும் பேசிவிட வேண்டாம்.

அந்த விசாவில் குறித்த தேதிக்குள் திரும்பியாக வேண்டும். தங்கையின் நிக்காஹ் தள்ளிப்போனது, வீட்டுக் கூரை வேலை முடியவில்லை என்று “இன்னும் பத்து நாள் இரு” என்பது அன்பான பேச்சுதான். விசா நாள் தீருமுன் நீட்டிக்காமல் விட்டால் வேலையே போய்விடக்கூடும். அமீரகத்தில் பொதுவாக 180 நாள் தொடர்ந்து வெளியே இருந்தால் குடியிருப்பு அனுமதி செல்லாமல் போகும். உடல்நலக் குறைவால் தங்க நேர்ந்தால் மருத்துவச் சான்று வாங்கி, முதலாளிக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும்.

பெட்டிக்கு வருவோம். உறவினர் ஒவ்வொருவருக்கும் சோப்பு, சென்ட், போர்வை. இதற்கென்றே அங்கே கடன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். திரும்பிப் போய் ஆறு மாதம் அந்தக் கடனை அடைப்பதால் வீட்டுக்கு வரும் பணம் குறைகிறது, வீட்டில் சந்தேகம் எழுகிறது. வெறுங்கையோடு வந்தாலும் பரவாயில்லை என்று மனைவியோ தாயோ முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டால் பாதிச் சுமை இறங்கும். நகை வாங்குவதானால், ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர் ஆணாயின் 20 கிராம், பெண்ணாயின் 40 கிராம் வரையே சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம். நகைக்குத்தான் இந்தச் சலுகை, தங்கக் காசுக்கும் கட்டிக்கும் கிடையாது. விதிகள் மாறுவதுண்டு, கிளம்புமுன் கேட்டுக்கொள்ளவும். முன்பின் தெரியாதவர் கொடுக்கும் பொட்டலத்தை வாங்கவே வேண்டாம்.

வந்த ஒரு மாதத்தில் இரண்டு நாளைக் காகித வேலைக்கு ஒதுக்குங்கள். பாஸ்போர்ட்டில் ‘இ.சி.ஆர்.’ என்று இருப்பவர், பத்தாம் வகுப்பு தேறியவராகவோ மூன்று ஆண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவராகவோ இருந்தால் அதை நீக்கக் கேட்கலாம். இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் போனவர்களுக்கு ‘பிரவாசி பாரதீய பீமா யோஜனா’ காப்பீடு உண்டு. விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய்தான். காலாவதியானது தெரியாமலே பலர் இருக்கிறார்கள், புதுப்பித்துக்கொள்ளுங்கள். பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றி, வாரிசு நியமனத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள், அது மார்க்கமும் சொன்னதுதான்.

இரண்டு ஆண்டு கழித்து வரும் அத்தாவிடம் சிறு பிள்ளை ஒட்டாமல் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிவது இயல்பு. அதற்காகப் பிள்ளையை அதட்டவோ, “உன் அத்தாடா” என்று தூக்கித் திணிக்கவோ வேண்டாம். மதரஸாவுக்குக் கொண்டுபோய் விடும் வேலையை அவரிடம் கொடுத்துப் பாருங்கள், ஒரு வாரத்தில் விரலைப் பிடித்துக்கொள்ளும். முதல் வாரம் விருந்து அழைப்புகளையும் உறவினர் கொஞ்சம் தள்ளிவைக்கலாம்.

படிவங்கள் நிரப்ப உதவி தேவைப்படுவோர் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் இவற்றின் நகல்களுடன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரவும். நகல் ஒரு தொகுதி வீட்டிலும் இருக்கட்டும். கம்பெனி பெயர், கஃபீலின் தொலைபேசி எண், உடன் தங்கியிருக்கும் நண்பர் ஒருவரின் எண் ஆகியவற்றை அதன் பின்பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு அவரை வழியனுப்புங்கள்.