வேற்றுமை உருபும் ஆங்கில முன்னிடைச்சொல்லும்

நெய்யாற்றின்கரை என்னும் ஊர்ப்பெயரைப் பிரித்தால் நெய்யாறு, இன், கரை என மூன்று உறுப்புகள் கிடைக்கும். நடுவில் நிற்கும் 'இன்' பெயருக்குப் பின்னே ஒட்டி 'ஆற்றினுடைய' என்னும் பொருளைத் தருகின்றது. இதே ஒலியுடைய ஆங்கில 'இன்' என்னும் சொல்லோ பெயருக்கு முன்னே தனித்து நின்று 'உள்ளே' என்று பொருள்படும். அந்நகரம் நெய்யாற்றங்கரையில் உள்ளதென ஆங்கிலத்தில் கூற 'இன்' உதவாது. 'ஆன் தி நெய்யார்' என்றே கூறல் வேண்டும். 'ஆன்' என்றால் 'மேல்' என்று மட்டும் நெட்டுருச் செய்த மாணவன், ஊர் ஆற்றின்மேல் மிதக்கின்றதோ என்று மயங்குவான்.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. ஆகவே பாறசாலை, ஆரியங்கோடு போன்ற எல்லைப்புற ஊர்களில் ஆங்கிலம் கற்பிப்போர், தமிழ், மலையாளம் ஆகிய இரு மொழிகளின் பழக்கத்தையும் கணக்கில் கொள்ளவேண்டியவர்கள் ஆவர்.

இவ்விரு மொழிகளும் பெயர்களுக்கிடையே உள்ள உறவைப் பெயரின் இறுதியில் உருபு சேர்த்தே காட்டுகின்றன. ஆயினும் எந்த வினை எந்த உருபை வேண்டும் என்பதில் உடன்பிறந்த மொழிகளே ஒத்துப்போவதில்லை. தமிழில் 'புலிக்கு அஞ்சினான்' என நான்காம் வேற்றுமை வருகின்றது. மலையாளத்தில் 'புலியெ பேடிச்சு' என இரண்டாம் வேற்றுமை வருகின்றது. ஆங்கிலத்தில் 'அஃப்ரெய்ட் ஆஃப்' என்று உடைமைப்பொருளுக்கு உரிய சொல் வருகின்றது. தமிழன் 'ஆசிரியரிடம்' கேட்கிறான். மலையாளி 'ஆசிரியரோடு' கேட்கிறான். ஆங்கிலேயனோ முன்னிடைச்சொல் எதுவுமின்றி 'ஆஸ்க்ட் தி டீச்சர்' என்கிறான். இவற்றுள் ஒன்று அறிவுக்குப் பொருத்தம், மற்றவை பொருத்தமில்லை என்று சொல்வதற்கில்லை. வினையோடு சேர்த்தே முன்னிடைச்சொல்லைக் கற்பிக்கவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

மாணவரை மிகுதியும் இடறச் செய்வது 'இல்' உருபு. பெட்டியில் இருப்பது 'இன்'. சுவரில் தொங்குவது 'ஆன்'. பேருந்து நிறுத்தத்தில் நிற்பது 'அட்'. பேருந்தில் பயணம் செய்வது 'பை'. ஓர் உருபுக்கு நான்கு சொற்கள்! மேலும், பேருந்தினுள் அமர்ந்திருப்பவரை 'ஆன் தி பஸ்' என்றும், காரினுள் அமர்ந்திருப்பவரை 'இன் தி கார்' என்றும் கூறுவர். எழுந்து நடமாடக்கூடிய ஊர்திக்கு 'ஆன்', அவ்வாறு இயலாததற்கு 'இன்' என்று காரணம் சொல்வதுண்டு. நினைவில் வைத்துக்கொள்ள அது பயன்படும். ஆனால் வழக்கு முன்னே பிறந்தது, காரணம் பின்னே கற்பிக்கப்பட்டது.

காலத்தைக் குறிக்கும் இடத்தில் தாய்மொழி பகையன்று, துணையே ஆகும். 'நான்கு மணிக்கு' என்பதில் 'கு' வருகின்றது. 'திங்கட்கிழமையன்று' என்பதில் 'அன்று' வருகின்றது. 'ஜூன் மாதத்தில்' என்பதில் 'இல்' வருகின்றது. ஆங்கிலமும் இவ்வாறே அட், ஆன், இன் என மூன்றாகப் பிரிக்கின்றது. 'காலையில்' என்பதும் 'இன்' பெற்று ஒத்துவரும். 'இரவில்' மட்டும் 'அட் நைட்' எனப் பிறழும். 'மூன்று நாட்களாக' என்றால் 'ஃபார்'. 'திங்கட்கிழமை முதல்' என்றால் 'சின்ஸ்'. தமிழ் 'ஆக', 'முதல்' என்று தெளிவாக வேறுபடுத்தியிருக்க, 'சின்ஸ் த்ரீ டேஸ்' என்று எழுதும் பிழை நாடெங்கும் பரவியிருப்பது வியப்பே. தன் மொழியைக் கவனித்திருந்தால் இப்பிழை நேராது.

கள ஊழியருக்கு இது வெறும் இலக்கணச் செய்தியன்று. ரப்பர், தென்னை, பாக்கு ஆகியவற்றின் பூசண நோய்களுக்குப் பயன்படும் ஒரு சதவிகித போர்டோ கலவையை எடுத்துக்கொள்க. ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை வேறு 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரினுள் கலக்கிக்கொண்டே ஊற்றவேண்டும். எதனுள் எது என்பதை ஆங்கிலக் குறிப்பில் 'இன்டு' என்னும் ஒரே சொல் தாங்கி நிற்கின்றது. அதற்கு முன் நிற்பது ஊற்றப்படுவது. பின் நிற்பது ஏற்றுக்கொள்வது. மாற்றி ஊற்றினால் வீழ்படிவு கரடுமுரடாகி இலையில் நன்கு ஒட்டாது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் அமிலத்தை நீரினுள் ஊற்றுவதற்குப் பதிலாக நீரை அமிலத்தினுள் ஊற்றினால் விளைவு இதனினும் கொடியது: கரைசல் கொதித்துத் தெறிக்கும்.

அளவுகளிலும் இத்தகைய இடர் உண்டு. 'ஒன் இன் டென்' என்றால் மொத்தம் பத்துப் பங்கில் மருந்து ஒரு பங்கு, நீர் ஒன்பது பங்கு; 'ஒன் டு டென்' என்றால் ஒரு பங்கு மருந்துக்கு நீர் பத்துப் பங்கு. மரச்சீனி விளைவு 8 டன்னிலிருந்து 10 டன்னாக உயர்ந்தது என்று கொள்க. அது 'பை 2', 'டு 10' ஆகும். 'பை 10' என்று அறிக்கையில் எழுதிவிட்டால் விளைவு 18 டன் என்று பொருளாகிவிடும். மருந்து தெளித்த நிலத்தில் வெள்ளிக்கிழமை வரை கால்நடையை விடலாகாது என்பதற்கு 'அன்டில்' வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை அனுப்புக என்பதற்கு 'பை' வேண்டும். இங்கும் 'வரை', 'குள்' என்னும் தமிழ்ச் சொற்களே வழிகாட்டும்.

முன்னிடைச்சொல் வேண்டாத இடத்தில் அதைச் சேர்ப்பதும் பிழையே. 'பற்றி விவாதித்தனர்' என்னும் வழக்கைப் பின்பற்றி 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதுவோர் பலர். 'டிஸ்கஸ்' என்னும் வினைக்கு 'அபௌட்' வேண்டுவதில்லை. இவற்றைத் தீர்மானிக்க மொழிபெயர்ப்பு அகராதி போதாது. அயல்மொழியாக ஆங்கிலம் கற்போருக்கென ஹார்ன்பி தொகுத்து 1942இல் ஜப்பானில் வெளியிடப்பட்ட அகராதியும், அதன் வழிவந்த பதிப்புகளும், ஒவ்வொரு வினையும் எவ்வகைத் தொடரில் வரும் என்பதையும் காட்டுகின்றன. ஐயம் எழும்போது பெயரின் கீழ் அன்று, வினையின் கீழே தேடுக.