பாக்கெட் எவ்வளவு சின்னதா இருக்கணும்?

பூல்னதும் நீச்சல் குளம்னு நினைச்சுடாதீங்க. நான் சொல்றது துணி விரிச்ச மேஜை, ஆறு பாக்கெட், கையில ஒரு க்யூ இருக்கிற பூல்.

நைன்பால் ஆட்டத்துல பெரிய பிளேயர்கள் ஆடுறதைப் பார்த்தா ஒரு சந்தேகம் வரும். ஒருத்தர் பிரேக் பண்றார், வரிசையா எல்லா பந்தையும் போடுறார். எதிராளி நாற்காலியை விட்டு எழவே இல்லை. 1996-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்தில், தொடர்ந்து 10 ரேக் முடிப்பவருக்கு 10 லட்சம் டாலர் என்று அறிவித்தார்கள். எர்ல் ஸ்ட்ரிக்லேண்ட் அதைச் செய்தே காட்டினார். அப்போ, ஆட்டம் ரொம்ப ஈஸியா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பந்தின் விட்டம் 2.25 அங்குலம். உலக பூல் சங்கத்தின் விதிப்படி மூலை பாக்கெட்டின் வாய் 4.5 முதல் 4.625 அங்குலம். 4.5 என்றால் சரியா இரண்டு பந்து அகலம். நேரா வரும் பந்து ஓரத்தில் உரசாமல் விழ, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 1.125 அங்குலம் விலகலாம். இப்போ வேர்ல்ட் நைன்பால் டூரில் 4 அங்குல பாக்கெட் வைக்கிறாங்க. அதில் விலகல் 0.875 அங்குலம்தான். பாக்கெட் சுருங்கியது அரை அங்குலம், ஆனா தவறுக்கான இடம் 22 சதவீதம் போச்சு!

இன்னொரு விஷயம். பாக்கெட் 50 அங்குலம் தள்ளி இருந்தால், 0.875 அங்குலம் என்பது சுமார் 1 டிகிரி. வெள்ளைப் பந்து அடிக்க வேண்டிய பந்திலிருந்து 45 அங்குலம் தள்ளி நேர்கோட்டில் இருந்தால், வெள்ளைப் பந்தின் திசையில் வரும் சின்னப் பிழை சுமார் 19 மடங்காகப் பெருகும். அதாவது உங்க அடி 0.05 டிகிரிக்கு மேல் விலகக் கூடாது. டிவியில ஈஸியா தெரியுறது ஈஸி இல்லைங்க.

அப்படின்னா பாக்கெட்டை இன்னும் குறைச்சுடலாமா? இங்கதான் சிக்கல். மெதுவா வரும் பந்து ஓரத்தில் உரசினாலும் விழும். வேகமா வந்தா உள்ளே இரண்டு முறை மோதி வெளியே துப்பிடும். பாக்கெட் ரொம்பச் சின்னதானால், வேகமும் ஸ்பின்னும் கலந்து வெள்ளைப் பந்தை மேஜை முழுக்க ஓட்டும் அழகான ஷாட்டை யாரும் முயற்சி பண்ண மாட்டாங்க. எல்லாரும் பந்தை ஒளிச்சு வைக்கிற டிஃபென்ஸுக்குப் போயிடுவாங்க.

அதனால கஷ்டத்தை விதியிலும் சேர்க்கிறாங்க. ரேக்கில் 1-ம் நம்பர் பந்து புள்ளியில் இருந்தால், பிரேக்கில் ஓரப் பந்து மூலை பாக்கெட்டுக்குப் பழக்கப்பட்ட வழியில் போய் விழும். 9-ம் நம்பரைப் புள்ளியில் வைத்தால் முழு ரேக்கும் முன்னே நகரும், அந்த வழி அடைபடும். பிரேக் பண்ணும் இடத்தையும் ஒரு சின்னப் பெட்டிக்குள் கட்டுப்படுத்துறாங்க. யோசிக்க 30 விநாடி கடிகாரம் வேற.

என் கருத்து இதுதான். செமஸ்டர் பேப்பரை நினைச்சுப் பாருங்க. எல்லாரும் 90 வாங்குற பேப்பர்ல யார் நல்லா படிச்சாங்கன்னு தெரியாது. எல்லாரும் அரியர் வைக்கிற பேப்பர்லயும் தெரியாது. நல்ல பேப்பர் வித்தியாசத்தைக் காட்டணும். பூல் மேஜையும் அப்படித்தான். பிரேக்கில் அதிர்ஷ்டத்தைக் குறைக்கும் விதி எனக்கு சரி. பாக்கெட்டை 4 அங்குலத்துக்குக் கீழே இறக்குவது தப்பு.

அதே மாதிரி, புதுசா கத்துக்கிறவங்களுக்கு 4 அங்குல மேஜை கொடுக்காதீங்க. முதல் நாளே பத்து அடியில ஒன்பது மிஸ் ஆனா, அவன் க்யூவை வச்சுட்டு போயிடுவான். திரும்ப வரமாட்டான். பெரிய பாக்கெட்ல பந்து விழுற சத்தம் கேட்டவன்தான் நாளைக்குச் சின்ன பாக்கெட்டைத் தேடி வருவான்.