அன்று கேட்ட பாடல் இன்றும் இனிப்பது ஏன்?

ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் பேருந்தில் பயணம் செய்கிறார். மகளின் திருமணச் செலவும், முழங்கால் வலியும், அலுவலகக் கவலையும் அவர் மனத்தை அழுத்திக்கொண்டிருக்கின்றன. அவ்வேளையில் ஓட்டுநர் போட்ட பாடல் ஒன்று அவர் செவியில் விழுகிறது. அவர் எட்டாம் வகுப்பில் பயின்றபோது ஊரெங்கும் ஒலித்த பாடல் அது. நொடிப்பொழுதில் அவர் முகம் மலர்கிறது. உதடுகள் தாமாக அசைகின்றன. நேற்று மனைவி வாங்கிவரச் சொன்ன மருந்தின் பெயரை மறந்துவிட்ட அதே மனிதருக்கு, நாற்பது ஆண்டுகளுக்கு முன் கேட்ட பாடலின் இரண்டாம் சரணம் எழுத்துப் பிசகாமல் நினைவில் நிற்கிறது! இது எவ்வாறு நிகழ்கிறது?

திரைப்பாடல் மீது கொள்ளும் இந்த ஏக்கத்தை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுவோர் உண்டு. ஆயினும் அதன் வேரைச் சற்று ஆராய்ந்தால், நம் குடும்ப வாழ்வுக்குப் பெரிதும் பயன்படக்கூடிய ஓர் உண்மை அங்கே புதைந்திருக்கக் காணலாம்.

ஏக்கத்துக்கு ஒரு பெயர்

கடந்த காலத்தை எண்ணி ஏங்குவதை மேலைநாட்டார் 'நோஸ்டால்ஜியா' என்பர். 1688-ஆம் ஆண்டில் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், பாசல் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வுரையில் இச்சொல்லை முதன்முதலாக வழங்கினார். கிரேக்க மொழியில் 'நோஸ்டோஸ்' என்றால் வீடு திரும்புதல். 'ஆல்கோஸ்' என்றால் வேதனை. அந்நாளில் சுவிட்சர்லாந்து நாட்டு இளைஞர் பலர் பிற நாட்டு மன்னர்களின் படைகளில் கூலிக்குப் பணியாற்றினர். அவர்களுடைய மலைநாட்டு இடையர்கள் பசுக்களை ஓட்டுகையில் இசைக்கும் மெட்டு ஒன்று உண்டு. அதைக் கேட்ட வீரர்கள் கண்ணீர் வடித்தனர், படையை விட்டே ஓடினர் என்றும், ஆகவே படைகளில் அதை இசைப்பது தடை செய்யப்பட்டது என்றும் ரூசோ 1768-இல் தம் இசை அகராதியில் குறிப்பிட்டார். அம்மெட்டில் தனிச்சிறப்பு ஏதுமில்லை. பிறர் அதைக் கேட்டால் ஒன்றும் நேர்வதில்லை. இசையாக அன்று, நினைவூட்டும் அடையாளமாகவே அது அவ்வீரர்களின் உள்ளத்தைத் தாக்கியது என்பது அவர் கண்ட முடிவு. இதை மனத்தில் இருத்திக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

பாடல் நம்மைத் தேடி வந்த வழி

இன்று ஐம்பதைத் தாண்டி அறுபதை எட்டிக்கொண்டிருக்கும் தமிழர் பள்ளியில் பயின்றது, ஏறத்தாழ 1970-களின் நடுப்பகுதி தொடங்கி 1990 வரையிலான காலம். 1976-இல் வெளிவந்த 'அன்னக்கிளி' படத்தின் வாயிலாக இளையராஜா இசையமைப்பாளராக அறிமுகமானார். நாட்டுப்புற மெட்டும் மேலைநாட்டு இசைக்கோவையும் கைகோத்த ஒரு புதிய ஒலி தமிழகமெங்கும் பரவிற்று. எம். எஸ். விசுவநாதனின் இசையும் ஓயவில்லை. கண்ணதாசனும் 1981-இல் மறைந்த ஆண்டு வரை எழுதிக்கொண்டிருந்தார். மூத்தோர் டி. எம். சௌந்தரராஜனையும் பி. சுசீலாவையும் போற்ற, இளையோர் எஸ். பி. பாலசுப்பிரமணியம், எஸ். ஜானகி, கே. ஜே. யேசுதாஸ், வாணி ஜெயராம், மலேசியா வாசுதேவன் ஆகியோரின் குரல்களில் மயங்கி நின்றனர்.

ஆனால் அப்பாடல்கள் நம் கைக்கு எளிதில் கிட்டவில்லை. வானொலிப் பெட்டி எல்லா வீடுகளிலும் இருந்ததில்லை. ஊராட்சி மன்றத்து வானொலியும், தேநீர்க்கடை வானொலியும், அண்டை வீட்டுச் சன்னல் வழியே கசிந்த ஒலியுமே பலருக்குக் கிடைத்தவை. தென் மாவட்டங்களில் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். காலையில் அதன் 'பொங்கும் பூம்புனல்' ஒலிக்கத் தொடங்கினால், பள்ளிக்குப் புறப்பட வேண்டிய நேரத்தைக் கடிகாரமின்றியே அறிந்துகொண்ட வீடுகள் பல. பி. எச். அப்துல் ஹமீது, கே. எஸ். ராஜா போன்ற அறிவிப்பாளர்களின் முகம் அறியாவிடினும் குரலை அனைவரும் அறிவர். பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியில் ஒரு குழந்தையை வாழ்த்தும் தாத்தா, பாட்டி, மாமா, அத்தை அனைவர் பெயரும் ஒன்றுவிடாமல் வாசிக்கப்படும். அதற்குப் பிறகே பாடல்! படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று ஒவ்வொன்றும் சொல்லப்பட்டதால், இப்பெயர்களைப் பிள்ளைகள் வாய்பாடு போல் மனப்பாடம் செய்துகொண்டனர்.

திருமண வீடுகளிலும் திருவிழாக்களிலும் மரக்கிளையில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி நாள் முழுவதும் முழங்கும். சில காசுக்குத் திரையரங்கு வாயிலில் பாட்டுப் புத்தகம் கிடைக்கும். பாதிக் கதையைச் சொல்லி, எஞ்சியதைத் திரையில் காணுமாறு கூறி முடித்துவிடும் அந்தச் சிறு நூல் வகுப்பறையில் கைமாறிக்கொண்டே இருக்கும். பின்னர் ஒலிநாடா வந்தது. அறுபது நிமிட நாடாவில் பன்னிரண்டு, பதின்மூன்று பாடல்களே அடங்கும். எவற்றைச் சேர்ப்பது, எவற்றை விடுவது என்று அண்ணனும் தங்கையும் வாதிட்டு, பட்டியல் எழுதி, பதிவுக் கடையில் கொடுத்துச் சில நாள் காத்திருப்பார்கள். நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை நுழைத்துச் சுற்றிச் சரிசெய்வார்கள். 1975 ஆகஸ்டு 15-இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி, வெள்ளிக்கிழமை மாலையில் 'ஒலியும் ஒளியும்' நிகழ்ச்சியை வழங்கிற்று. அந்த அரைமணி நேரத்திற்காகத் தெருவே பெட்டி இருந்த வீட்டில் கூடிற்று.

பசுமரத்தாணி

இவ்வளவு அரிதாகக் கேட்டவை இவ்வளவு ஆழமாகப் பதிந்தது ஏன்? உளவியலார் இதற்கு விடை தருகின்றனர். நாற்பது வயதைத் தாண்டியவர்களைத் தம் வாழ்க்கை நினைவுகளைக் கூறச் சொன்னால், ஏறத்தாழப் பத்து வயது முதல் முப்பது வயதுவரை நிகழ்ந்தவையே மிகுதியாக வெளிப்படுகின்றன. 1986-இல் டேவிட் ரூபின் என்ற அமெரிக்க அறிஞரும் அவர்தம் துணைவரும் இதை விளக்கிக் காட்டினர். நினைவுச் சமவெளியில் அந்த ஆண்டுகள் ஒரு மேடு போல் உயர்ந்து நிற்கின்றன. 'நான் யார்?' என்ற வினா எழும் பருவம் அது. முதல் நட்பு, முதல் பிரிவு, முதல் தோல்வி, முதன்முதலாக வீட்டை விட்டுத் தங்கிய விடுதி எல்லாம் அப்பருவத்திலேயே வருகின்றன. அவ்வேளையில் காற்றில் மிதந்த பாடல் அந்த நிகழ்ச்சிகளோடு பின்னிப் பிணைந்து, பசுமரத்தாணி போல் பதிந்துவிடுகிறது.

அக்காலப் பாடலே பாடலா?

"எங்கள் காலத்துப் பாட்டுக்கு இணை உண்டா? இப்போது வருவதெல்லாம் வெறும் இரைச்சல்!" என்று நம்மில் பலர் பிள்ளைகள் எதிரிலேயே சொல்லிவிடுகிறோம். நம் காலத்தில் அரிய பாடல்கள் பிறந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆபாசமும் அசட்டுத்தனமும் மிக்க பாடல்களும் அன்று வந்தன. அவற்றைக் காலம் உதிர்த்துவிட்டது. நல்லவற்றை மட்டும் நம் கையில் விட்டுச் சென்றது. இன்றைய விளைச்சலோ இன்னும் புடைக்கப்படாத நெல்.

அன்றியும், நாம் போற்றும் திரைப்பாடலையே ஒரு காலத்தில் பெரியோர் இகழ்ந்தனர். 1952-இல் நடுவண் அரசின் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், திரையிசை மக்களின் சுவையைக் கெடுக்கிறது எனக் கருதினார். அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்கள் ஏறத்தாழ மறைந்தே போயின. விளைவு யாது? நேயர்கள் இலங்கை வானொலியைத் திருப்பிக் கேட்டனர்! இறுதியில் 1957 அக்டோபர் 3 அன்று 'விவித பாரதி' தொடங்கப்பட்டு, திரைப்பாடல்கள் மீண்டும் இடம்பெற்றன. வெறுமனே இகழ்வதாலும் தடுப்பதாலும் இளையோரின் செவியை அடைக்க முடியாது. அது வேறொரு வாசலைத் தேடிக்கொள்ளும். பெற்றோர்க்கு இதில் பாடம் உண்டு.

எம். கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944-இல் வெளிவந்து மூன்று தீபாவளிகளைக் கண்டது. அப்பாடல்களில் தோய்ந்தவர்க்குச் சௌந்தரராஜன் காலம் இறக்கமாகத் தோன்றியிருக்கலாம். அவரைப் போற்றியோர் இளையராஜாவின் தொடக்கக் காலப் பாடல்களைக் கேட்டு முகம் சுளித்தனர். 1992-இல் 'ரோஜா' வழியே ஏ. ஆர். ரகுமான் வந்தபோது, முகம் சுளிக்கும் முறை நம்முடையதாயிற்று. 'ரோஜா'வைப் பள்ளிச் சீருடையோடு கேட்ட பிள்ளைகளே இன்று தம் மக்களைக் கடிந்துகொள்கின்றனர்!

பாடலோடு வந்த மனிதர்கள்

அவ்வாறாயின் நாம் உண்மையில் எதற்காக ஏங்குகிறோம்? மெட்டு எங்கும் போய்விடவில்லை. அன்று தவம் கிடந்து கேட்ட பாடலை இன்று செல்பேசியில் நினைத்த நொடியில் கேட்கலாம். இருந்தும் ஏதோ குறைகிறதே! திண்ணையில் உடன் அமர்ந்து கேட்ட தாத்தா இல்லை. சமையலறையிலிருந்து மெல்லிய குரலில் சேர்ந்து பாடிய தாய் இல்லை. வரிகளைக் குறிப்பேட்டில் எழுதித் தந்த தோழன் எங்கோ இருக்கிறான். ரூசோ கண்ட உண்மை இதுவே. 2020 செப்டம்பர் 25 அன்று எஸ். பி. பாலசுப்பிரமணியம் மறைந்த செய்தி கேட்டு, அவரை ஒருமுறையேனும் நேரில் காணாதவர்களும் தம் வீட்டில் ஒருவரை இழந்தாற்போல் கலங்கினரே! அக்குரலோடு தம் வீட்டாரின் முகங்கள் கலந்திருந்தமையே அதற்குக் காரணம்.

இன்று வீடுகளுக்குச் செல்கையில் வேறொரு காட்சியைக் காண்கிறோம். மகன் ஓர் அறையில், மகள் மற்றோர் அறையில், தந்தை கூடத்தில். ஒவ்வொருவர் காதிலும் ஓர் இயர்போன். வீட்டில் பாடல் நிறைந்திருக்கிறது. ஆனால் ஒருவர் கேட்பதை மற்றவர் அறியார். அன்றைய வறுமை நம்மை ஒரே பெட்டியின் முன் கூட்டிற்று. இன்றைய வளமை நம்மைப் பிரித்து வைத்திருக்கிறது.

எனினும் நம்பிக்கை தரும் செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோல் கிரம்ஹான்ஸல் 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இருபது வயதையொட்டிய மாணவர்களுக்கு 1955 முதல் 2009 வரை புகழ்பெற்றிருந்த பாடல்கள் போட்டுக் காட்டப்பட்டன. தம் காலத்துப் பாடல்களை அவர்கள் அறிந்திருந்ததில் வியப்பில்லை. ஆனால் தாம் பிறப்பதற்கு முன், தம் பெற்றோரின் இளமையில் ஒலித்த பாடல்களிலும் அவர்களுக்குத் தனிப் பற்றும் நினைவும் இருந்தன! வளரும் பருவத்தில் வீட்டில் கேட்டவை அவை. பெற்றோர் இட்ட பாடல் பிள்ளையின் நினைவில் வேர்கொண்டுவிட்டது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, வாரத்தில் ஒரு நாள் இரவு உணவுக்குப் பின் அனைவரும் ஒன்றாக அமருங்கள். ஒருவர் ஒரு பாடல் வீதம், கூடத்தில் எல்லாரும் கேட்கும்படி போடட்டும். பாடல் முடியும்வரை எவரும் நகைக்கலாகாது. "இது உனக்கு ஏன் பிடித்தது?" என்று மட்டும் கேளுங்கள். வேறு வழியில் வெளிவராத மகனின் மனச்சுமை அந்த விடையில் வெளிவரக்கூடும். பாடலின் சொற்கள் தகாதனவாயின், முழுமையாகக் கேட்ட பெற்றோர் அதைப் பற்றிப் பேசும் உரிமை பெறுகிறார். கேளாமலே கடிந்தவர் அந்த உரிமையை இழக்கிறார்.

இரண்டாவதாக, உங்கள் பாடலைப் போடும்போது அதன் பின்னுள்ள கதையையும் சொல்லுங்கள். யாருடன் கேட்டீர்கள், அன்று வீட்டில் என்ன நிலைமை, எதற்காக அழுதீர்கள் என்று சொல்லுங்கள். தந்தையும் ஒரு நாள் பதினைந்து வயதுச் சிறுவனாய் இருந்தார் என்பதைப் பிள்ளைகள் அறிய இதனினும் எளிய வழி இல்லை.

மூன்றாவது, வீட்டு முதியோர் பற்றியது. மறதி நோயால் மக்களின் பெயரையே மறந்துவிட்ட சிலர், பழகிய பாடலைக் கேட்டதும் உடன் பாடுவதைப் பலர் கண்டிருக்கின்றனர். நெடுங்காலம் பழகிய இசையை நினைவிற்கொள்ளும் மூளைப் பகுதிகள் அந்நோயால் ஒப்பளவில் குறைவாகவே சிதைகின்றன என்று, ஜெர்மனியில் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர் 2015-இல் தெரிவித்தனர். பாடல் அந்நோயைத் தீர்க்கும் மருந்தன்று. ஆனால் அடைபட்ட வீட்டில் திறந்திருக்கும் ஒரு சன்னலாக அது அமையலாம். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: எண்பது வயதுப் பாட்டிக்கு நம் 1980-களின் பாடல் பயன்படாது. அவருடைய பள்ளி நாள்கள் 1950-களில் கழிந்தன. ஜி. ராமநாதன், கே. வி. மகாதேவன், விசுவநாதன் – ராமமூர்த்தி ஆகியோர் இசையமைத்த பாடல்களே அவருடைய பாடல்கள். அவர் தெளிவாகப் பேசும் இந்நாளிலேயே, "உங்களுக்குப் பிடித்த பாடல்கள் எவை?" என்று பேரப்பிள்ளைகள் கேட்டுக் குறித்து வைக்கட்டும். அந்தப் பட்டியல் ஒரு நாள் விலைமதிப்பற்றதாகலாம்.

அன்பு வாசகர்களே, இன்று பன்னிரண்டு வயதாகும் நம் பிள்ளைக்கு 2060-ஆம் ஆண்டில் ஐம்பது வயது நெருங்கியிருக்கும். இன்று நாம் இரைச்சல் என்று ஒதுக்கும் ஏதோ ஒரு பாடலை அன்று கேட்டு அவன் நெஞ்சம் நெகிழும், அதில் ஐயமில்லை. அந்த நினைவில் மூடிய அறையின் நான்கு சுவர்கள் மட்டும் இருக்குமா, அல்லது அருகில் அமர்ந்து கேட்ட தாய் தந்தையரின் முகமும் இருக்குமா? அதை முடிவு செய்யும் காலம் 2060 அன்று, இந்த வாரமே.