உடம்பைக் கேட்டு உடை எடுங்கள்!

"டாக்டர், இடுப்பைச் சுத்தி ஒரே அரிப்பு. எட்டு மாசமா எந்தக் களிம்புக்கும் கேக்கல" என்றபடி உள்ளே வந்தார் அந்த அம்மா. ஓய்வு பெற்ற ஆசிரியை. ஆவடியிலிருந்து பஸ் பிடித்து, அம்பத்தூர் ஓ.டி.யில் உள்ள என் வைத்தியசாலைக்கு வந்திருந்தார்.

பார்த்தேன். இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் போட்டது போல ஒரு கறுப்பு வளையம். தோல் தடித்து, செதில் செதிலாக உரிந்திருந்தது. வலப்பக்கம் ஒரு இடத்தில் லேசான வெடிப்பு. நாடி பார்த்தேன். சர்க்கரை உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். அடுத்து நான் கேட்ட கேள்வியில்தான் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உள்பாவாடை எங்கே வாங்குறீங்க?"

"என்ன டாக்டர், மருந்து கேட்டு வந்தா துணிக்கடை விலாசம் கேக்கறீங்க!"

விஷயம் இதுதான். வருஷத்துக்கு ஒரு தடவை ஏதோ ஒரு பெரிய கடையில், கூட்டத்தில் இடிபட்டு, ஆறு பாவாடைகளைக் கட்டாக வாங்கி வந்துவிடுவார். எல்லாம் ஒரே அளவு. நாடா கயிறு மாதிரி மெலிசாக இருக்கும். இறுக்கி முடிச்சுப் போட்டால்தான் புடவை நிற்கும். காலை ஆறு மணிக்குப் போட்ட முடிச்சை இரவுதான் அவிழ்ப்பார். நாற்பது வருஷப் பழக்கம்!

கயிறு செய்யும் காயம்

'நாடாதானே, அது என்ன செய்துவிடும்?' என்று நினைக்கிறீர்களா? 2024-ல் 'பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ்' என்ற மருத்துவ இதழில் இரண்டு பெண்களின் கதை வெளிவந்தது. எழுதியவர்கள் மகாராஷ்டிராவின் வார்தாவிலும் பீகாரின் மதுபனியிலும் உள்ள மருத்துவர்கள். பல வருஷமாகப் பாவாடை நாடாவை ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டியதில் இடுப்பில் ஆறாத புண் வந்து, கடைசியில் அது தோல் புற்றாகவே மாறியிருந்தது. ஆண்களும் தப்பவில்லை. இறுக்கிக் கட்டிய வேட்டியால் வரும் புற்றைப் பற்றி 1945-லேயே மும்பை ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.

உடனே பயந்துவிடாதீர்கள். இது அபூர்வம். ஆனால் அதற்கு முந்தைய படிகளான அரிப்பு, கறுப்பு, தடிப்பு, வெடிப்பு எல்லாம் வீட்டுக்கு வீடு உண்டு. எந்தப் புண்ணானாலும் நாலு வாரத்துக்கு மேல் ஆறாவிட்டால் களிம்பு தடவிக்கொண்டு உட்காரக் கூடாது. ஆஸ்பத்திரியில் சதைப் பரிசோதனை செய்துவிட வேண்டும். நான் சித்த வைத்தியன்தான். ஆனாலும் அந்த ஆசிரியையை முதலில் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குத்தான் அனுப்பினேன். நல்ல வேளை, பயப்பட ஒன்றுமில்லை. பிறகு தைலம் கொடுத்தேன். கூடவே ஒரு சீட்டில் ஒரு கடைக்கு வழியும் எழுதிக் கொடுத்தேன்.

சின்னக் கடை சுகம்

ரெட்ஹில்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் உள்ள கடை அது. பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். முன்னால் கண்ணாடி அலமாரி, பின்னால் ஒரு தையல் மெஷின். நடத்துவது ஒரு பெண்மணி. உள்ளே நுழைந்ததும் புதுத் துணியின் கஞ்சி வாசனை வரும். "உக்காருங்கம்மா, மோர் குடிக்கிறீங்களா?" என்ற உபசாரமும் வரும். யாருக்கு, எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் துணியையே எடுப்பார். பிரித்து மடியில் போடுவார். "தொட்டுப் பாருங்க, கன்னத்துல வச்சுப் பாருங்க. வாங்கணும்னு கட்டாயம் இல்ல" என்பார்.

இங்கேதான் சின்னக் கடையின் ரகசியம் இருக்கிறது. ஏழு மாடிக் கடையில் கண்தான் துணி எடுக்கிறது. விளக்கு வெளிச்சம், கூட்டம், 'இன்றே கடைசி' பலகை... உடம்புக்குப் பேச நேரமே கிடைப்பதில்லை! சின்னக் கடையில் விரல் பேசும், கழுத்து பேசும், இடுப்பு பேசும். "இந்த ப்ளவுஸ் அக்குள்ல பிடிக்குது" என்றால், "கழட்டிக் குடுங்க, உள்ள தையல் விட்டிருக்கு, பத்து நிமிஷத்துல பிரிச்சுத் தரேன்" என்ற பதில் வரும்.

நம் ஆசிரியைக்கும் அப்படித்தான் நடந்தது. இடுப்பு அளவு எடுத்து, நாடாவுக்குப் பதில் மூன்று விரல் அகலத்துக்குப் பட்டை வைத்து, பக்கவாட்டில் கொக்கி போட்டு நாலு உள்பாவாடை தைத்துக் கொடுத்தார் அந்தப் பெண்மணி. பாரம் ஒரே கோட்டில் அழுத்தாமல் பரவிவிடுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

நம் பக்கத்துக் கொடுப்பினை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிவாசிகளே, ஒரு விதத்தில் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். ஆவடியில் 1961 முதல் ராணுவ உடைத் தொழிற்சாலை இயங்கி வருகிறது. சிப்பாய்களின் சீருடை தைக்கும் இடம். 2021-ல் அது 'ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட்' என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வந்தது. 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏற்றுமதி ஆடை நிறுவனங்களும் வளர்ந்தன. அங்கே வருஷக்கணக்கில் காலர் தைத்தவர்கள், காஜா எடுத்தவர்கள் பலர் இன்று நம் தெருக்களில் சொந்தமாக மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஆசிரியைக்குப் பட்டை வைத்துத் தந்த பெண்மணியும் அப்படி வந்தவர்தான். வெளிநாட்டுச் சட்டைக்குத் தைத்த கை, இப்போது நம் வீட்டு நைட்டிக்கு ஓரம் அடிக்கிறது!

பூந்தமல்லியிலிருந்து நேரே போனால் காஞ்சிபுரம். அதனால் அங்குள்ள சில சின்னக் கடைகளில் பட்டோடு காஞ்சி காட்டனும் கிடைக்கும். விசேஷம் வரும் வரை காத்திருக்காமல், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரரோடு நடந்து போய்ப் பாருங்கள். நடையும் ஆயிற்று, பேச்சும் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரம் டி.வி.யும் இல்லை, செல்போனும் இல்லை. மனசு லேசாவதற்கு இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியாது.

வைத்தியர் செய்த தப்பு

ஊருக்கு உபதேசம் செய்கிறேனே, நான் மட்டும் ஒழுங்கா? போன சித்திரையில் என் மகன் செல்போனிலேயே எனக்கு ஒரு சட்டை வரவழைத்தான். 'கசங்கவே கசங்காது' என்று போட்டிருந்தது. பளபளப்பில் மயங்கி, துவைக்காமலேயே போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். சாப்பாட்டுப் பந்தியில் வியர்த்துக் கொட்டியது. இரவுக்குள் கழுத்தும் அக்குளும் சிவந்து தடித்துவிட்டன. மூன்று நாள் நோயாளிகளுக்கு முன்னால் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்!

காரணம் எளிது. பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டரால் அரை சதவீதம்கூட முடியாது. வியர்வை ஆறினால்தான் உடல் சூடு தணியும். அது துணிக்குள்ளேயே தேங்கினால் எங்கள் மொழியில் சொல்வதானால் அழல் மிகும். வியர்க்குரு, படர்தாமரை எல்லாம் வரிசையாக வரும். போதாக்குறைக்கு, பாலியெஸ்டருக்கு ஏற்றும் சில சாயங்களும், கசங்காமலிருக்கப் போடும் ஃபார்மால்டிஹைடு கலந்த பூச்சும் சிலர் தோலுக்கு ஆவதில்லை. படர்தாமரை வந்தால், ஸ்டீராய்டு கலந்த களிம்பை நீங்களாகவே வாங்கித் தடவாதீர்கள். முதலில் அடங்குவது போல் காட்டி, பிறகு உடம்பெல்லாம் பரவும்.

கடைக்குப் போகும்போது...

* நூல் பரீட்சை: சின்னக் கடைகளிலும் பாலியெஸ்டரைப் பருத்தி என்று தள்ளிவிடுபவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூல் கேளுங்கள். வெளியே வந்து கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பலானால் பருத்தி. உருகிக் கெட்டி மணியானால் பாலியெஸ்டர். மணியானது கலப்பு நூலாகவும் இருக்கலாம். உடம்பில் போட்டிருக்கும் துணியில் இதைச் செய்ய வேண்டாம்!

* சாயப் பரீட்சை: வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து உள்பக்கம் தேய்த்துப் பாருங்கள். 1950-களின் கடைசியில் நம் ஊர்க் கட்டம் போட்ட கைத்தறி, 'ப்ளீடிங் மெட்ராஸ்' என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. சாயம் போவதையே அங்கே பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள். அது அவர்களுக்கு நாகரிகம். நம் வெயிலுக்கு, சாயம் போகாத துணிதான் நல்லது.

* உட்கார்ந்து பாருங்கள்: போட்டுப் பார்க்கும்போது நின்று கண்ணாடி பார்த்தால் போதாது. உட்கார்ந்து, குனிந்து, கையைத் தூக்கிப் பாருங்கள். கழற்றியதும் தோலில் தடம் விழுந்திருந்தால் அந்த அளவு உங்களுக்கு இல்லை.

* நாடாவை மாற்றுங்கள்: அகலப் பட்டை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் முடிச்சைத் தளர்த்துங்கள். கட்டும் இடத்தை ஒரு விரற்கடை மேலும் கீழுமாக மாற்றுங்கள்.

* ஒரு தடவை துவையுங்கள்: புதுத் துணி எதுவானாலும் அலசிக் காய வைத்த பிறகே உடம்பில் ஏறட்டும். குழந்தைத் துணிக்கு இது கட்டாயம்.

விலை கொஞ்சம் கூடத்தான் செய்யும், மறுக்கவில்லை. பெரிய கடையில் ஆறு வாங்கும் காசுக்கு இங்கே நாலுதான் வரும். ஆனால் அந்த நாலும் உங்கள் உடம்புக்கென்றே பிறந்தவை. பிரிந்தால் தைத்துத் தரவும் ஆள் இருக்கிறது. அந்த ஆள் நாளைக்கும் இருக்க வேண்டுமானால், தீபாவளிக்கு ஒரு துணியாவது அங்கே எடுங்கள். பூட்டிய கடையில் அளவு எடுக்க ஆள் வராது.

மூன்று மாதம் கழித்து அந்த ஆசிரியை வந்தார். கறுப்பு மங்கி, தோல் மிருதுவாகியிருந்தது. அரிப்பு இல்லை. இளம் பச்சைச் சுங்குடிப் புடவை கட்டியிருந்தார்.

"தைலம் தீர்ந்துடுச்சா?" என்று கேட்டேன்.

"பாதி பாட்டில் அப்படியே இருக்கு. இன்னிக்கு நான் வந்தது மருந்துக்கு இல்ல டாக்டர். மருமகளுக்கு ப்ளவுஸ் அளவு குடுக்க அந்தக் கடைக்கு வந்தேன். அப்படியே உங்களையும் பார்த்துட்டுப் போகலாம்னு..."

நோயாளி இப்படிச் சொன்னால் வைத்தியனுக்கு வருமானம் போச்சு. ஆனாலும் அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.