கோலோவாவை இனங்காண…

ஹவாயில் சேப்பங்கிழங்கு பயிராகும் நீர் நிறைந்த வயல்களில் மேயும் பழுப்பு வாத்துக்குக் கோலோவா என்று பெயர். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே சாயல். ஒரு காலத்தில் அதை அடையாளம் காணக் கண்ணே போதுமானதாக இருந்தது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குளத்துக்கு அழகென்றும் வேட்டைக்கென்றும் மல்லார்ட் வாத்துகளைக் கொண்டுவந்தார்கள். பண்ணை வாத்துகளில் மஸ்கோவி நீங்கலாக மற்றெல்லாமே மல்லார்டின் வழிவந்தவைதான். தப்பிப் பறந்தவை கோலோவாவோடு கூடின. பிறந்த குஞ்சுகளும் மலடில்லை. பெண் மல்லார்டும் பழுப்புதான் என்பதால், எது கலப்பு, எது அசல் என்று அலகையும் வால் இறகையும் பார்த்துச் சொல்வது தேர்ந்தவர்களுக்கே திணறல். 1967இல் அழியும் இனமாக அறிவிக்கப்பட்ட கோலோவாவைக் கூண்டில் வளர்த்து ஓவாஹு முதலிய தீவுகளில் விட்டார்கள். அங்கே மல்லார்ட் இருந்தது. நல்லெண்ணம்தான், ஆனால் கலப்புக்கே அது வழிவிட்டது.

கண்ணால் பிரிக்க முடியாதபோது இரத்தம் உதவலாம். இரத்தத்தில் உறவு தேடும் வழி அப்போதும் புதிதல்ல. கேம்பிரிட்ஜில் நட்டால் என்ற ஆய்வாளர் 1904இலேயே ஏறக்குறைய 16,000 சோதனைகளின் முடிவுகளை நூலாக்கியிருந்தார். குருதிநீரில் எவ்வளவு படிவு உண்டாகிறது என்று பார்க்கும் அந்த முறை தூரத்து உறவுகளைக் காட்டும்; மல்லார்ட், கோலோவா போன்ற நெருங்கிய இனங்களைப் பிரிக்க அது போதாது. பிறகு வந்த புரத ஒப்பீடுதான், 1993இல், ஓவாஹுவில் கலப்பு மிகுந்துவிட்டதைக் காட்டியது.

இப்போது டிஎன்ஏ. மனிதரின் முதிர்ந்த சிவப்பணுவில் டிஎன்ஏ தங்கும் உட்கரு கிடையாது, பறவையினுடையதில் உண்டு. அதனால் இறக்கைச் சிரையிலிருந்து சில துளி இரத்தம் எடுத்தால் தாராளம். பறவையைக் கொல்ல வேண்டாம், எடுத்த கையோடு பறக்கவிடலாம். 2019இல் வெளியான மரபணு ஆய்வு, கவாய்த் தீவின் கோலோவாக்கள் இன்னும் பெரும்பாலும் அசலாகவே இருக்கின்றன என்றது. அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதி பெரிது.

மரபணு இன்னொன்றையும் சொல்கிறது: கோலோவாவே வெகுகாலத்துக்கு முன் மல்லார்டும் ஹவாயின் இன்னொரு வாத்தான லேய்சான் வாத்தும் கலந்து உருவான இனம். அப்படியானால் இன்றைய கலப்பில் என்ன தவறு என்று கேட்கலாம். அன்றைய கலப்பு பல்லாயிரம் ஆண்டுகள் தனித்திருந்து தனி இனமாக உறைந்தது. இன்றையதற்கு அந்த அவகாசம் இல்லை. வளர்ப்பு வாத்து வந்துகொண்டே இருந்தால் கோலோவா கரைந்துபோகும்.

எனவே, பிற தீவுகளில் மல்லார்டையும் கலப்பினங்களையும் அகற்றிய பிறகே கவாயின் பறவைகளை அங்கே விட வேண்டும். விடுமுன் ஒவ்வொன்றின் இரத்தத்தையும் சோதிக்க வேண்டும்.