நீதிமன்றப் பதிவேடுகளும் அடிமை விடுதலை ஆய்வும்

ஐக்கிய அமெரிக்காவின் அடிமை ஒழிப்பு வரலாறு பெரும்பாலும் 1863ஆம் ஆண்டின் லிங்கன் பிரகடனத்தோடும் 1865ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தோடும் தொடர்புபடுத்தியே கூறப்படுகின்றது. ஆயின், அவற்றுக்குப் பல தசாப்தங்கள் முன்னரே அடிமைகள் பலர் தனித்தனியாக விடுதலை பெற்றிருந்தனர். அதற்கான சான்றுகள் 'கவுண்டி' எனப்படும் உள்ளூர் ஆட்சிப் பிரிவுகளின் நீதிமன்றப் பதிவேடுகளிலே உள்ளன. சொத்துடையோரின் உரிமையைக் காக்க எழுதப்பட்ட இவ்வேடுகளைச் சொத்தாகக் கருதப்பட்டோரின் வரலாற்றுக்கு எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதை இங்கு நோக்குவோம்.

வேர்ஜீனியாவில் 1723ஆம் ஆண்டுச் சட்டம் ஆளுநரினதும் ஆலோசனைச் சபையினதும் அனுமதியின்றி அடிமையை விடுவிப்பதைத் தடைசெய்திருந்தது. 1782ஆம் ஆண்டுச் சட்டம் அத்தடையைத் தளர்த்தியது. இரு சாட்சிகளுடன் எழுதப்பட்ட உறுதி அல்லது மரணசாசனம் கவுண்டி நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டால் விடுதலை செல்லுபடியாகும். 1791இல் றொபேட் கார்ட்டர் என்ற பெருந்தோட்ட உரிமையாளர் எழுதிய உறுதி, ஏறத்தாழ 500 பேரைப் படிப்படியாக விடுவிக்க வழிவகுத்தது.

1793ஆம் ஆண்டுச் சட்டம் விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் தம்மைப் பதிவுசெய்துகொள்ள வேண்டுமென விதித்தது. பெயர், வயது, நிறம், உயரம், விடுவித்தவர், விடுதலை பதிவான நீதிமன்றம் ஆகியவை அதில் எழுதப்பட்டன. கண்காணிப்புக்காக எழுந்த இப்பதிவே, வேறெந்த ஏட்டிலும் இடம்பெறாத எளிய மனிதரை நாம் இனங்காணத் துணைபுரிகின்றது.

எனினும் இவ்வேடுகளின் சொற்களை அவ்வாறே ஏற்றுக்கொள்ளல் தவறாகும். உரிமையாளரின் கருணையால் விளைந்தது போல எழுதப்பட்ட உறுதியின் பின்னால், அடிமை தன் மேலதிக உழைப்பாற் சேர்த்துச் செலுத்திய பணம் இருத்தல் கூடும். மேலும், 1806ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதன் பின் விடுவிக்கப்படுவோர் பன்னிரண்டு மாதங்களுக்குள் வேர்ஜீனியாவை விட்டு நீங்க வேண்டும். இதனால், தன் மனைவியையும் பிள்ளைகளையும் விலைக்கு வாங்கிய கணவன், அவர்கள் நாடு கடத்தப்படாதிருக்கும் பொருட்டு, அவர்களைச் சட்டப்படி விடுவியாது வைத்திருந்ததுண்டு. ஏட்டில் 'உரிமையாளர்', 'அடிமை' எனக் காணப்படுவோர் வாழ்வில் ஒரே குடும்பத்தினர். வரிப்பட்டியலை மட்டும் எண்ணிக் கணக்கிடும் ஆய்வாளர், குடும்பத்தைக் காத்தவனையும் அடிமைகளைச் சுரண்டியவனாகவே கொள்ள நேரும்.

சில இடங்களிற் பதிவு இல்லாமையே சான்றாகின்றது. பென்சில்வேனியாவின் 1780ஆம் ஆண்டுச் சட்டம், அவ்வாண்டு நவம்பர் 1ஆந் திகதிக்குள் அடிமைகளைப் பதிவுசெய்யுமாறு உரிமையாளரைப் பணித்தது. பதியப்படாதோர் விடுதலைக்கு உரித்துடையோராயினர்.

அடிமைகள் தாமே வழக்காடியமைக்கும் சான்றுகள் உள. 1781இல் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தின் பேர்க்ஷயர் கவுண்டி நீதிமன்றில் பெற் என்ற பெண்ணும் புறொம் என்பவரும் வழக்காடி வென்றனர். எல்லா மனிதரும் பிறப்பாற் சுதந்திரமுடையோர் என்ற மாநில அரசியலமைப்பின் வாசகம் அவர்களது வாதத்துக்கு அடிப்படையாயிற்று. பெற் பின்னர் எலிசபெத் ஃபிறீமன் எனத் தம் பெயரை அமைத்துக்கொண்டார். மிசூரியின் சென் லூயிஸ் நகர நீதிமன்றிலே 300க்கும் மேற்பட்ட விடுதலை வழக்குகளின் கோவைகள் எஞ்சியுள்ளன. டிறெட் ஸ்கொட் 1846இல் தொடுத்த வழக்கும் அவற்றுள் ஒன்று. எழுத்தறியாத அவர் தம் மனுவில் ஒரு குறியையே இட்டார். மனுவின் மொழி சட்டத்தரணியினுடையது. ஆயின் வழக்காடும் துணிவு அவருடையதே.

இவ்வேடுகள் முழுமையானவையல்ல. பாதுகாப்புக்காக றிச்மண்டுக்கு அனுப்பப்பட்ட வேர்ஜீனியக் கவுண்டிகள் சிலவற்றின் ஆவணங்கள் 1865 ஏப்ரல் தீயில் அழிந்தன. எஞ்சியவற்றை உறுதி, மரணசாசனம், பதிவேடு, வரிப்பட்டியல், வழக்குக் கோவை என ஒன்றோடொன்று ஒப்புநோக்கியே நாம் முடிவுக்கு வருதல் வேண்டும். அவ்வாறு நோக்குமிடத்து, 'வழங்கப்பட்டது' என ஏடு கூறும் விடுதலை, பலவிடத்தும் உழைத்தும் வழக்காடியும் பெறப்பட்டதென்பது புலனாகும்.